ஈப்பொறி எப்படி எண்ணுகிறது? ஊனுண்ணித் தாவரங்களின் மின்துடிப்பும் கால்சியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊனுண்ணித் தாவரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்துவிடும். "அதற்கு மூளை உண்டா?" என்பது ஒன்று, "அதற்கு வலிக்குமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் என்னை ஆண்டுக்கணக்கில் இந்தச் செடிகளோடு கட்டிப்போட்டது வேறொரு செய்தி: வீனஸ் ஈப்பொறி என்ற பூச்சி பிடிக்கும் செடியின் இலை, தன்மேல் படும் தொடுகைகளை இரண்டுவரை எண்ணுகிறது, எண்ணியதைச் சுமார் அரை நிமிடம் நினைவில் வைத்திருக்கிறது, பிறகு மறந்துவிடுகிறது. அந்த நினைவு எதனால் ஆனது என்பது இன்று பெருமளவு தெரிந்துவிட்டது. அது கால்சியத்தால் ஆனது.

செடிக்குள் மின்சாரமா? அதற்குத்தான் நரம்பே இல்லையே?

நரம்பு இல்லை. ஆனால் உயிருள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு சின்னஞ்சிறு மின்கலம். தாவரச் செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதப் பம்புகள், ஏடிபி என்ற எரிபொருளைச் செலவிட்டு, நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. அதனால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் பக்கம் சாய்கிறது. வீனஸ் ஈப்பொறியின் இலையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ மைனஸ் 120 மில்லிவோல்ட். நம் நரம்புச் செல் ஓய்வில் இருக்கும்போது மைனஸ் 70 அளவில்தான் இருக்கிறது.

தூண்டல் வந்ததும் இந்த மின்கலம் சட்டென்று இறங்கி மீண்டும் ஏறுகிறது. இந்த இறக்கமும் ஏற்றமும் சேர்ந்ததுதான் செயல் மின்னழுத்தம். இனி அதை மின்துடிப்பு என்றே எழுதுகிறேன். விலங்கின் நரம்பில் சோடியம் உள்ளே பாய்வதால் துடிப்பு பிறக்கிறது. தாவரத்தில் கதையே வேறு. முதலில் கால்சியம் உள்ளே வருகிறது. அது எதிர்மின் அயனிகளுக்கான வாயில்களைத் திறந்துவிட, குளோரைடு வெளியே கொட்டுகிறது; செல்லின் எதிர்மின்தன்மை சரிகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி, ஹைட்ரஜன் பம்புகளும் கைகொடுக்க, சவ்வு பழைய நிலைக்குத் திரும்புகிறது. நரம்பில் ஓரிரு மில்லிவிநாடியில் முடிந்துவிடுகிற வேலை, ஈப்பொறியில் ஓரிரு விநாடி எடுத்துக்கொள்கிறது. துடிப்பு இலையில் பரவும் வேகம் விநாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். நரம்போடு ஒப்பிட்டால் நத்தை வேகம்தான், ஆனாலும் விரல் நுனி அளவுள்ள இலைக்கு அதுவே தாராளம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

சார்லஸ் டார்வின் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜான் பர்டன் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1873இல் ஈப்பொறியின் இலையில் மின்முனைகளை வைத்து அளந்தார். விலங்குத் தசையில் காண்பதைப் போன்ற மின் மாற்றம் இலையிலும் எழுவதைப் பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1875இல், டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. ஈப்பொறியை உலகின் மிக அற்புதமான தாவரங்களுள் ஒன்று என்று அவர் அதில் எழுதினார். அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் ஈரமான மணற்பாங்கான சமவெளியில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது.

தாவர மின்னியல் என்றாலே ஜகதீஷ் சந்திர போஸின் பெயரும் கூடவே வர வேண்டும். தொட்டாற்சிணுங்கியிலும் பிற செடிகளிலும் மின் சைகைகளை அளக்க அவரே நுட்பமான கருவிகளைச் செய்துகொண்டார். அவர் காலத்தில் பலர் அதை ஏற்கத் தயங்கினார்கள். இலைகளில் மின்துடிப்பு ஓடுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

ஒரு முடியைத் தொட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

ஈப்பொறியின் இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிந்த இரு மடல்கள். ஓரத்தில் பல் வரிசை. உட்பரப்பில் சிவப்பு பூசியதுபோல் நுண் சுரப்பிகள். அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று முடிகள் விறைப்பாக நிற்கும். அவைதான் உணர்முடிகள். நுனியிலிருந்து கீழே இறங்கி வந்தால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, இடுப்பை இறுக்கிக் கட்டியதுபோல் ஓர் இடம் ஒடுங்கியிருக்கும். முடியின் மேல்பகுதி விறைப்பானது, நெம்புகோல்போல் அசையும். வளைவது முழுவதும் அந்த ஒடுக்கத்தில்தான். அங்கேயுள்ள செல்கள் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இழுபடுகின்றன.

அந்தச் செல்களின் சவ்வில், இழுபட்டால் திறக்கும் அயனி வாயில்கள் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்றுக்கு 2021இல் வெளியான ஆய்வில் 'ஃப்ளைகேச்சர்' (ஈபிடிப்பான்) என்றே பெயர் வைத்தார்கள். வாயில் திறந்ததும் முடியின் அடியில் சிறிய மின் மாற்றம் எழுகிறது. அது ஒரு வரம்பைத் தாண்டினால்தான் முழுத் துடிப்பு கிளம்பும். தாண்டாவிட்டால் அங்கேயே அடங்கிவிடும். ஏறத்தாழ அதே கணத்தில் முடியின் அடியில் கால்சியம் உயர்ந்து, அலையாக மடல் முழுவதும் பரவுகிறது.

மெல்லிய தூரிகையின் ஒற்றை மயிரால் ஓர் உணர்முடியைச் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்கு ஒன்றுமே நடக்காது. இலை அசையாமல் கிடக்கும். ஆனால் அந்த அசையாமைக்குள் ஒரு துடிப்பு ஓடி முடிந்திருக்கும், கால்சியம் ஏறியிருக்கும், கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும். முதல்முறை இதைச் செய்துவிட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து விநாடி கழித்து இன்னொரு முடியைத் தொட்டதும், என் கை பின்வாங்குவதற்குள் மடல்கள் மூடிவிட்டன.

ஏன் இரண்டு தொடுகை வேண்டும்? செடி எப்படி எண்ணுகிறது?

ஏன் என்பதற்குப் பதில் எளிது. பொறி மூடுவதும் திறப்பதும் செலவு பிடித்த வேலை. மழைத்துளியோ காய்ந்த சருகோ ஒருமுறை முடியில் பட்டுப் போகலாம். உயிருள்ள பூச்சி மட்டும்தான் அங்குமிங்கும் நகர்ந்து, சில விநாடிக்குள் மீண்டும் மீண்டும் முடியில் மோதும். அதனால் இரண்டாவது தொடுகை இரை இருப்பதற்கான சான்று.

எப்படி என்பது 150 ஆண்டுகளாகக் காத்திருந்த கேள்வி. ஜப்பானின் ஒகசாக்கியில் உள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கால்சியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்துக்கான மரபணுவை ஈப்பொறிக்குள் புகுத்தினார்கள். 2020இல் முடிவுகள் வெளியாயின. முடியைத் தொட்டதும் அதன் அடியில் ஒளி பிறந்து இலை முழுவதும் விரிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதைவிட முக்கியம், அந்த ஒளி உடனே அணைந்துவிடவில்லை. மெல்ல மெல்ல மங்கியது.

நினைவு இருப்பது அந்த மங்கலில்தான். அடியில் சிறு துளையுள்ள ஒரு குடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் தொடுகை ஒரு செம்பு நீர் ஊற்றுகிறது. நீர் கசிந்து இறங்குகிறது. அது முழுதாக வடிவதற்குள் இரண்டாவது செம்பு விழுந்தால், மட்டம் குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டிவிடும், பொறி மூடும். சுமார் 30 விநாடிக்குப் பிறகு விழுந்தால் கோட்டை எட்டாது. அது மீண்டும் முதல் செம்பாகவே ஆகிவிடும். பழைய காலத்து நாழிகை வட்டில் நீரின் மட்டத்தால் நேரம் சொன்னதைப்போல், இந்த இலை கால்சியத்தின் மட்டத்தால் நேரத்தை அறிகிறது. எண்ணுவதற்குத் தனி உறுப்பே வேண்டியதில்லை. ஏறுவது வேகமாகவும் இறங்குவது மெதுவாகவும் இருந்தால் போதும்.

இதை மூளையோடு ஒப்பிடச் சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூளை இல்லாமலே இது நடக்கிறது என்பதுதான் வியப்பு. அதை மூளை என்று பெயரிட்டு மூடிவிடக் கூடாது.

கால்சியம் செல்லுக்குள் எப்போதும் இருப்பதுதானே? அது எப்படிச் சைகையாகிறது?

இருக்கிறது, ஆனால் பூட்டிய அறைகளில். தாவரச் செல்லின் சாற்றில் தனித்துத் திரியும் கால்சியம் மிக மிகக் குறைவு. செல்லுக்கு வெளியேயும், செல்லின் நடுவே பெரிய பைபோல் இருக்கும் நுண்குமிழிக்குள்ளேயும் அது ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதல்ல. செல்லின் ஆற்றல் வணிகம் முழுவதும் பாஸ்பேட்டை நம்பியிருக்கிறது. கால்சியம் மிகுந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். ஆகவே எல்லா உயிர்ச் செல்களும் கால்சியத்தை வெளியேற்றுவதிலேயே கவனமாக இருக்கின்றன.

இந்தக் கட்டாயம் ஒரு வாய்ப்பையும் தந்தது. அமைதியான அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அடிமட்டம் அவ்வளவு தாழ்ந்திருப்பதால், ஒரு வாயில் நொடிப்பொழுது திறந்தாலே செல்லுக்குள் கால்சியத்தின் அளவு பல மடங்கு எகிறிவிடும். கால்மோடுலின் போன்ற புரதங்கள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உருமாறி, அடுத்தடுத்த வேலைகளைத் தொடங்கிவைக்கின்றன.

திறப்பது ஒரு பாதி. மூடித் துடைப்பது மறுபாதி. ஏடிபியைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியே தள்ளும் பம்புகள் ஒரு பக்கம். ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு கால்சியத்தை நுண்குமிழிக்குள் அனுப்பும் பண்டமாற்றிகள் இன்னொரு பக்கம். ஈப்பொறியின் உணர்முடி அடிப்பாகத்தில் கால்சியம் பம்புகளுக்கான மரபணுக்கள் சிறப்பாகச் செயல்படுவதைக் கண்டிருக்கிறார்கள். இவை வேலையை மிக வேகமாக முடித்தால் இலைக்கு நினைவே இருக்காது. மிக மெதுவாக முடித்தால் காலையில் பட்ட மழைத்துளியும் மாலையில் பட்ட துளியும் சேர்ந்து பொறியை மூடிவிடும். அந்த அரை நிமிடம் இந்த இரண்டுக்கும் இடையே அமைந்த அளவு.

ஒரே தொடுகையில் என் செடி மூடிவிட்டது. பழுதா?

பழுதில்லை. முடியை மெதுவாக, சற்று நேரம் அழுத்தியபடி வளைத்தால், ஒரே வளைப்பில் இரண்டு துடிப்புகள் பிறக்கக்கூடும் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். மெதுவாக ஊரும் இரைகளைப் பிடிக்க இது உதவலாம். வெப்பம் மிகுந்த நிலையிலும் ஒரே துடிப்பில் பொறி மூடுவது உண்டு. இலைக்குக் கணக்கு துடிப்பில்தான், நம் விரலசைவில் இல்லை.

மூடுவதும் மின்சாரத்தால்தானா?

மின்துடிப்பு கட்டளை மட்டுமே. மூடும் வேகம் இலையின் வடிவத்திலிருந்து வருகிறது. திறந்த மடல் வெளிநோக்கிப் புடைத்திருக்கும். அதில் விசை தேங்கியிருக்கும். கட்டளை வந்ததும் மடலின் செல்களில் நீரழுத்தம் மாற, வளைவு மெல்ல மாறத் தொடங்கி, ஒரு கட்டத்தில் பலத்த காற்றில் குடை மறுபக்கம் திரும்புவதுபோல் சட்டென்று புரண்டுவிடுகிறது. இந்தப் புரட்டல் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். இந்த இயக்கத்தை 2005இல் கணித முறையில் விளக்கினார்கள். தசை இல்லாத உயிர் வேகத்தை இப்படித்தான் சேமித்து வைக்கிறது.

பொறி மூடியபிறகு எண்ணுவது நின்றுவிடுமா?

இல்லை, உண்மையான கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் பொறி தளர்வாகத்தான் மூடும். ஓரப் பற்கள் கோத்த விரல்கள்போல் நிற்க, அவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மிகச் சிறிய எறும்பு அந்தச் சந்தில் நழுவிப் போய்விடலாம். தப்ப முடியாத பெரிய பூச்சி திமிறும். திமிறும்தோறும் முடிகளில் மோதும். மோதும்தோறும் துடிப்பு எழும்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஹெட்ரிச்சின் குழு இதை அளந்து 2016இல் வெளியிட்டது. இரண்டு துடிப்பில் பொறி மூடுகிறது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனின் பாதையும் விழித்துக்கொள்கிறது. துடிப்புகள் மூன்றைத் தாண்டி ஐந்தை நெருங்கும்போது, செரிமான நொதிகளுக்கான மரபணுக்களும், கரைந்த சத்தை உறிஞ்சும் புரதங்களுக்கான மரபணுக்களும் முடுக்கப்படுகின்றன. பூச்சியின் உடலிலிருந்து வரும் சோடியத்தை உள்வாங்கும் வாயில் இவற்றில் ஒன்று. மாட்டிய பூச்சி ஒரு மணி நேரத்தில் அறுபது துடிப்புகள் வரை எழுப்பக்கூடும். அதிகம் திமிறும் பூச்சி அதிகச் செரிமானச் சாற்றை வரவழைக்கிறது. இரை பெரிதென்றால் அதற்கேற்ற செலவை இலை செய்கிறது.

மடல்கள் பிறகு இறுக ஒட்டி, காற்றும் புகாத வயிறாக மாறுகின்றன. ஒரு வாரம், சில சமயம் பத்து நாளுக்கும் மேல் கழித்துத் திறக்கும்போது பூச்சியின் ஓடு மட்டும் எஞ்சியிருக்கும்.

மற்ற ஊனுண்ணிகளும் இப்படித்தானா?

ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ட்ரோசெரா என்ற பனித்துளிச் செடியின் இலையில் ஒட்டும் திரவத்துளி ஏந்திய உணர்கொம்புகள் உண்டு. கொம்பின் தலையில் பூச்சி ஒட்டியதும் மின்துடிப்புகள் அதன் காம்பு வழியே கீழிறங்க, கொம்பு இரையை நோக்கி வளைகிறது. ஈப்பொறியின் நீர்வாழ் உறவான ஆல்ட்ரோவாண்டா தண்ணீருக்கடியில் இன்னும் வேகமாக மூடுகிறது. நெப்பந்தஸ் குடுவைச் செடி அசைவதே இல்லை. ஆனால் இரை விழுந்ததும் அதற்குள்ளும் ஜாஸ்மோனிக் அமில வகை ஹார்மோன்களான ஜாஸ்மோனேட்டுகள் உயர்கின்றன. பிங்குவிகுலா என்ற வெண்ணெய்ப் பூண்டில் நொதி சுரக்க இந்த ஹார்மோன் பாதை பயன்படுவதாகத் தெரியவில்லை. ஊனுண்ணும் பழக்கம் தாவர உலகில் பலமுறை தனித்தனியே தோன்றியது என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

யூட்ரிகுலேரியா தனி ரகம். அதன் நீர்ப்பை, கதவில் இருக்கும் முடி தொடப்பட்டதும் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில் இரையை உறிஞ்சிவிடும். அங்கே பெரும்பங்கு வகிப்பது கதவின் இயந்திர அமைப்பு.

இவ்வளவு சிக்கலான அமைப்பு எங்கிருந்து வந்தது?

புதிதாக வந்ததல்ல. சாதாரணச் செடியின் இலையைப் புழு கடித்தால், காயம்பட்ட இடத்திலிருந்து கால்சியம் அலையும் மின் சைகையும் கிளம்பி மற்ற இலைகளுக்குப் போகின்றன. அங்கே ஜாஸ்மோனேட் உயர்ந்து தற்காப்பு தொடங்குகிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இந்த அலை ஓடுவதை 2018இல் ஒளிரும் படமாகவே பதிவு செய்தார்கள். காயத்திலிருந்து கசியும் குளுட்டமேட் அதைத் தூண்டுகிறது. ஈப்பொறியிலும் குளுட்டமேட்டை வைத்தால் கால்சியம் அலை எழுகிறது.

2017இல் வந்த ஓர் ஆய்வு இந்த உறவை நேரடியாகத் தொட்டது. ஈப்பொறியைக் காயப்படுத்தியபோது, இரையே இல்லாமல் மின் சைகைகள் எழுந்தன, ஜாஸ்மோனேட் உயர்ந்தது, செரிமான நொதிகளும் சுரந்தன. தன்னைத் தின்ன வருபவனை எதிர்க்க மூதாதைச் செடி வைத்திருந்த அதே எச்சரிக்கை மணியை, இந்தச் செடி சாப்பாட்டு மணியாக மாற்றிக்கொண்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

அப்படியானால் அதற்கு வலிக்குமா?

வலி என்பது உணரும் ஒருவரை எதிர்பார்க்கிறது. துடிப்புகளைத் திரட்டி அனுபவமாக்கும் மையம் எதுவும் தாவரத்தில் இல்லை. மின்துடிப்பு இருப்பதாலேயே வலி இருக்க வேண்டும் என்பதில்லை. நம் இதயத் தசையிலும் துடிப்பு ஓடுகிறது.

ஆனால் கேள்வி வெறும் கற்பனையும் அல்ல. ஈதர் என்ற மயக்க மருந்தின் ஆவியில் வைத்தால் ஈப்பொறி மயங்கிவிடும், தொட்டாலும் மூடாது. நல்ல காற்றுக்கு வந்ததும் பழையபடி இயங்கும். ஈதரிலும் முடியின் அடியில் கால்சியம் உயர்கிறது என்று 2022இல் கண்டார்கள். தடைபடுவது அது மடலுக்குப் பரவுவதுதான். முடி தொடுகையை அறிகிறது, செய்தி மட்டும் வெளியே போவதில்லை. நம்மை மயக்கும் பொருளே செடியையும் மயக்குகிறது என்றால், அயனி வாயில்கள் என்ற பழமையான கருவி நம் இருவருக்கும் பொது என்பதே காரணம்.

இந்த மின்சாரத்தைத் தொடாமலே அளக்க முடியுமா?

முடியும். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கும். ஈப்பொறியின் துடிப்பு எழுப்பும் காந்தப்புலத்தை ஜெர்மனியில் அளந்து 2021இல் வெளியிட்டார்கள். அதிகபட்சம் அரை பிகோடெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

கால்சியம் இவ்வளவு முக்கியம் என்றால் செடிக்குக் கால்சியம் உரம் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தச் செடிகள் சத்து வறண்ட, அமிலத்தன்மையுள்ள ஈரமண்ணுக்குப் பழகியவை. கால்சியமும் பிற உப்புகளும் நிறைந்த கடின நீரை ஊற்றினால் வேர் தளர்ந்து செடி மெல்லச் செத்துப்போகும். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். குழாய் நீர் ஊற்றிய சில மாதங்களில் புதிய இலைகள் சிறுத்து, ஓரம் கருகி, கடைசியில் கிழங்கே அழுகிவிட்டது. சைகைக்கு வேண்டியது கால்சியத்தின் மிகுதி அல்ல. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே செடி தானே காத்துவரும் ஏற்றத்தாழ்வு. அதற்குத் தேவையான சொற்ப அளவு அதற்குக் கிடைத்துவிடும். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், உப்பு நீக்கிய நீர் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் ஊற்றுங்கள்.

குழந்தைகள் விரலால் தொட்டு மூட வைக்கலாமா?

ஒருமுறை காட்டுவதில் தவறில்லை. காட்டும்போது விரலை விட்டுவிட்டு மெல்லிய குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முடியைத் தொடச் சொல்லுங்கள், முப்பதுவரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள், பிறகு இன்னொரு முடியைத் தொடச் சொல்லுங்கள். இலை மூடாது. இப்போது பத்து எண்ணுவதற்குள் மீண்டும் ஒருமுறை. மூடிவிடும்.

அதற்குமேல் வேண்டாம். வெறும் பொறி மீண்டும் திறக்க ஒரு நாள் வரை ஆகும். அந்தச் சமயத்தில் ஒளிச்சேர்க்கையும் குறைவு, கிடைத்த இரையும் இல்லை. ஓர் இலை தன் ஆயுளில் சில தடவைதான் மூடித் திறக்கும். பிறகு கறுத்து உதிர்ந்துவிடும். செத்த பூச்சியை உணவாக வைப்பவர்கள், பொறி மூடியபின் மடல்களை வெளியிலிருந்து மென்தூரிகையால் சில நிமிடம் இலேசாக அழுத்திவிடுங்கள். உள்ளே முடிகள் அசைந்து துடிப்புகள் எழுந்தால்தான் இலை அதை இரை என்று கணக்கில் எடுக்கும். இல்லாவிட்டால் மறுநாள் திறந்து, வைத்த பூச்சியை வைத்தபடியே காட்டும்.